திரும்பி வராத இரண்டு மீன்கள்

நேற்று ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்தபோது அடியிலிருந்து, பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட நீ வரைந்த மீன் ஒன்று கைக்கு வந்தது. ஒரு பக்கம் மெழுகுக் கலரில் தீட்டிய நீல மீன். மறுபக்கம் கலர் விலகி அச்சாகி வீணாய்ப்போன பூச்சட்டிப் பட்டாசு லேபிள். இத்தனை வருஷத்தில் பளபளப்புக் கொஞ்சமும் போகவில்லை. எனக்குத்தான் தலை நரைத்துவிட்டது. நீ இருந்திருந்தால், "ஒனக்கும் லேமினேஷன் போட்டிருக்கலாம்ட்டி" என்று சொல்லிவிட்டு நீயே முதலில் சிரித்திருப்பாய்.

பள்ளிக்கூடத்துக்குள் நாம் ஒருவருக்கொருவர் டீச்சர். கேட்டைத் தாண்டிவிட்டால் நான் உனக்கு ஏட்டி. அது உன் கடற்கரைப் பேச்சு. நீ ஓவியம், நான் பாட்டு. வாரத்துக்கு ஆளுக்கொரு பீரியடு, அதையும் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வார். வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் நீ. தாயில்பட்டிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து உன் கடல் பெருமையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. ஆனால் நம் பிள்ளைகள் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் வெம்பக்கோட்டை அணைதான்.

"இங்கன ஓடையில போடுறது அம்புட்டும் மழைக்கு எங்க ஊருக்குத்தான் வருது. பாக்காத கடலுக்காக இதுக எப்படி வருத்தப்படும்?" என்று விடாமல் கேட்டாய்.

தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். பெற்றோர் முன்னால் கடலைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள், அவர்களுக்கு மனசு வந்தால் அரைப் பரீட்சை லீவில் ஐந்தாம் வகுப்பைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். சுனாமி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. டிவியில் பார்த்த பயம் யாருக்கும் போகவில்லை. சும்மா கேட்டால் ஒருவரும் அனுப்பமாட்டார்கள். ஆக, பிள்ளைகள் கடல் பார்ப்பது அந்த ஒரு சாயங்காலத்தின் கையில்தான் இருந்தது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டிருந்த வாரம். அப்போதுதான் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வீட்டில் இருப்பார்கள். வைப்பாற்றிலும் தண்ணீர் வந்திருந்தது, நிகழ்ச்சியை ஆற்றங்கரையிலேயே வைத்தோம். வரைவதற்கு என் வீட்டுக்காரர் சிவகாசி அச்சகத்திலிருந்து கழித்துப்போட்ட லேபிள் ஷீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்தார். நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதே அதன் வெள்ளைப் பக்கத்தில்தான், அதனால் அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது மீன்கள். நான் "போய் வா மீனே போய் வா" என்று ஒரு பாட்டுக் கட்டினேன். பாட்டு முடியும்போது மீன்களை ஆற்றில் விட வேண்டும், அவை கடலுக்குச் சேதி கொண்டுபோகும். அது உன் யோசனை. அருமை என்று சொன்னவள் நான்.

பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். மீன்கள் மினுங்கிக்கொண்டு கிளம்பின. பெற்றோர் கைதட்டியபோது முன்வரிசையில் நின்ற முத்துமாரி உன் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், லேபிள் மேல மினுமினுன்னு இருக்குல்ல, அது பிளாஸ்டிக்கு. எங்கம்மா கம்பெனியில அதத்தான் ஒட்டுது. தண்ணியில கரையாது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், மூடி மறைக்கத்தான் பார்த்தேன். அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். பெற்றோர் பக்கம் திரும்பினாய்.

"குப்பை போடாதீகன்னு சொல்ல வந்த நாங்களே ஆத்துல குப்பையப் போட்டுட்டோம். தப்பு எங்க மேலதான்."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாய். அப்பாக்கள் சிலர் தண்ணீர் போகிற பக்கம் முந்தி ஓடி, மீன்களைக் கீழே மடக்கிப் பிடித்தார்கள். கரையில் நின்ற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பாட்டை மாற்றினார்கள்: "திரும்பி வா மீனே திரும்பி வா." முப்பத்தெட்டு திரும்பின. இரண்டு போனது போனதுதான்.

எல்லாம் போச்சு, இனி யார் நம்மை நம்பி அனுப்புவார்கள் என்று வழி முழுக்க அழுதாய். மறுநாள் காலையில் கேட்டில் முத்துமாரியின் அம்மா நின்றிருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க டீச்சர். புள்ளைக முன்னாடி தப்ப ஒத்துக்கிட்டீக. ஒங்கள நம்பி அனுப்பலாம்."

அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள்.

உன் ஊரில் பஸ் நின்றதும் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடிவிடுவார்கள் என்று பயந்து, கரையில் கயிறு பிடிக்க உன் அண்ணன்மாரை நிறுத்தியிருந்தாய். ஒருவரும் ஓடவில்லை. அலை வந்து தொடுமிடம்வரை நடந்து போனார்கள். பிறகு குனிந்து மணலில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். என்னவென்று கேட்டேன். "அந்த ரெண்டு மீனு டீச்சர்" என்றாள் முத்துமாரி. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும்தான். மீன் கிடைக்கவில்லை, அறுந்த வலையும் பிளாஸ்டிக் பையுமாக நான்கு சாக்கு சேர்ந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து மழைக்கு முன்னால், புரட்டாசியில், பிள்ளைகளோடு ஓடையில் இறங்கிக் குப்பை அள்ளத் தொடங்கினோம். நோய் உன்னைக் கொண்டுபோன வருஷம்கூட அது நிற்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று என்னைப் பாடச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

போன வாரமும் ஓடையில் இறங்கினோம். பாட்டு அதே "திரும்பி வா மீனே"தான். இந்தப் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவே இல்லை, ஆனால் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்னப் பெண் மண்ணுக்குள்ளிருந்து மினுக்கும் துண்டு ஒன்றை உருவிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், இது அந்த மீனா?"

மிட்டாய் உறை. அதை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டேன்.

"இது இல்லட்டி. இன்னும் தேடு" என்றேன்.