கடலைக் குடித்த கோமகன் படையைத் தடுத்து விடுத்த ஓலை

மலைமுகட்டில் மழை தங்குக. தேனாறு தெளிந்து ஓடுக. வேங்கைமலைக் கோட்டை வாசலில் வில்லும் வேலும் ஓய்ந்திருக்க, அடுக்களையில் உலை மட்டும் ஓயாது கொதிக்க.

தேனாற்றின் தலையூற்றுக்குக் காவலனும், வேங்கைமலை நாட்டுக்கு உடையவனும், புலி கீறிய கட்டைவிரலோன் என்று புலவரால் பாடப்பெற்றவனும் ஆகிய வெற்பரையக்கோன், நீள்கரை நாட்டுச் சங்குத்துறையில் விருந்தினர் மாளிகையின் கடல்பார்த்த கூடத்தில் நலத்தோடு வீற்றிருந்து, தமக்குப் பதிலாக மலைநாட்டில் செங்கோல் தாங்கி நிற்கும் கோப்பெருந்தேவி வல்வில் நறுந்தொடியாருக்கு விடுக்கும் ஓலை. ‘நலத்தோடு’ என்னும் சொல்லை அவை கேட்க இருமுறை வாசிக்கும்படி, ஓலை வாசிப்போருக்கு முதற்கண் கட்டளையிடுகிறோம்.

தேவியார் விடுத்த ஓலை நேற்று உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தது. யாம் நஞ்சூட்டப்பட்டோம் என்றும், நீள்கரையார் எம்மைச் சிறைவைத்தனர் என்றும் தேவியார் கேள்வியுற்றதாகவும், ஆதலால் பெரும்படை திரட்டி மலைவாயிலில் நிறுத்தியிருப்பதாகவும், வரும் முழுநிலவில் அப்படை கடலோரம் இறங்கும் என்றும், எம் கணையாழி முத்திரை இல்லாத எந்த ஓலையையும் நம்பப்போவதில்லை என்றும் அதில் கண்டோம். வாசித்து முடித்தபோது எம் வாயில் இறால் வறுவல் இருந்தது. இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம், பொறுமையோடு கேட்டருள்க.

நம் மலைநாட்டு முறைமை தேவியார் அறியாததன்று. பிற நாட்டில் கால்வைத்தவன் அந்நாட்டுப் பெருநீரில் ஒரு கை அள்ளிக் குடித்த பின்னரே இருக்கையில் அமர்வான். ஒரே நீரைக் குடித்தோர் ஒருவர்மேல் ஒருவர் படை எடார். அதன்படி, நீள்கரையில் பல்லக்கை விட்டு இறங்கியதும், நும் நாட்டுப் பெருநீர் யாது என்று வினவினோம். இந்நாட்டு அரசர் வலம்புரிக்கோன், முகமெல்லாம் சிரிப்பான முதியவர், கை நீட்டிக் காட்டினார். அவர் காட்டியது கடல்.

அது உப்பு என்பதைக் கேள்வியால் அறிந்திருந்தோம். குழம்பில் இருக்கும் உப்பளவு இருக்கும் என்று எண்ணிவிட்டோம். ஒரு கை குடித்தோம். குடித்த பின் முகம் சுளித்ததால் முறைமையில் குறை நேர்ந்ததோ என்று ஐயுற்று, முகம் சுளிக்காமல் இன்னொரு கை குடித்தோம். எம் பரிவாரமும் எம்மைப் பின்பற்றியது.

நீள்கரையாருக்கும் ஒரு முறைமை உண்டு என்பதை அப்போது யாம் அறியோம். விருந்தினர் எது செய்தாலும், அவர் தனித்து நாணாதிருக்கும் பொருட்டு வீட்டாரும் அதையே செய்வர். விருந்தினர் இடக்கையால் உண்டால் ஊரே இடக்கையால் உண்ணும். ஆகவே வலம்புரிக்கோனும், அவர்தம் அமைச்சரும், பூரணகும்பம் ஏந்தி நின்ற மகளிரும், கொம்பு ஊதுவோரும் வரிசையாகக் கடலில் இறங்கி, ஆளுக்கு இரு கை அள்ளிக் குடித்தனர். அதன்பின் நிகழ்ந்தது அரச ஓலையில் எழுதத் தகாதது. இரு நாட்டுப் பெருமக்களும் ஒரே மணலில் ஒருங்கே குனிந்திருந்தோம் என்பதோடு நிறுத்துகிறோம்.

எம் ஓலைநாயகம் அஞ்சாதகண்டனாரைத் தேவியார் நன்கறிவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சரிந்ததைக் கண்டு அவர், ‘அரசருக்கு நஞ்சு; கரை முழுதும் பகை’ என்று எழுதி ஓட்டக்காரனிடம் தந்துவிட்டு, அதன் பிறகே மயங்கினார். தெளிந்தபின் வெட்கம் பிடித்து அதை எம்மிடம் சொல்லவும் இல்லை. யாமோ மறுநாளே எழுந்து இந்நாட்டைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டுவிட்டோம். அங்கே தேவியார் படை திரட்டிய நாட்களில், இங்கே யாம் பூநாரைகளைப் பார்த்து வாய்பிளந்து நின்றோம் என்பதை எண்ணினால் நெஞ்சு சுடுகிறது.

இந்நாட்டில் விருந்தினரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு சேலாயி என்னும் படகுக்காரியினுடையது. எம் வயிறு கலங்கிய அன்றே இளநீர் வெட்டிக் கொணர்ந்து அவள் சொன்னதை, ஓலைமரபு சற்றே பொறுக்குமாயின், அவள் வாய்மொழியாகவே தருகிறோம்: “கடல யாராவது குடிப்பாவளா ராசா? இது பாக்கதுக்கும் குளிக்கதுக்கும் உள்ளதுல்லா. காலையில எங்கூட வாரும், காட்டுதேன்.”

காட்டினாள். விடியலில் ஓங்கில்கள் படகின் இருபுறமும் துள்ளிவந்தன. மேனி பளபளக்க, வாயோரம் சிரிப்போடு, ஆளைப் பார்த்து மூச்சுவிடும் பெருமீன்கள். நம் நாட்டில் யானைக்கூட்டம் கடக்கும்போது எழுந்து நிற்பது மரியாதை அன்றோ? யாமும் எழுந்து கைகூப்பினோம். படகு சாய்ந்தது. சேலாயி எம் அரைக்கச்சையைப் பற்றி இழுத்து, “இரியும் ராசா, அது உம்ம கும்பிடக் கேக்கல!” என்று கூவினாள். முடிசூடிய நாள்முதல் எம்மை ஒருவரும் அப்படி அதட்டியதில்லை, தேவியார் நீங்கலாக.

அலையாத்திக் காட்டுக்குள் சிறு ஓடத்தில் சென்றோம். கடலுக்குள் காடு நிற்கிறது, தேவி! மரங்கள் முழங்காலளவு வேரைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் இறங்கத் தயங்கும் மகளிர் போல நிற்கின்றன. அங்கே கிளையிலிருந்து கைநீட்டிப் பறித்துத் தின்ன ஒன்றுமில்லை. நண்டுகள்தாம் எம்மை எடைபோட்டன. மறுநாள் பலகையேற்றம். அலை எழும்போது மரப்பலகைமேல் குப்புறக் கிடந்து கரைவரை வழுக்கி வருவது. அதில் முதலில் ஏற்றப்பட்டவர் அஞ்சாதகண்டனார்; அலறிக்கொண்டே போனவர், கரையில் வந்து விழுந்ததும், மீண்டும் ஒருமுறை போகலாமா என்று கேட்டார். இவ்வோலையை யாமே எழுதுவதற்குக் காரணமும் அதுதான். ஓலைநாயகம் இப்போதும் நீரில் இருக்கிறார்.

இனிக் கணையாழி.

பவளப்பாறைகளைக் காண்பதற்கு இவர்கள் ஒரு பெட்டி வைத்திருக்கின்றனர். மரப்பெட்டியின் அடியில் கண்ணாடிபோல் ஊடுதெரியும் காக்காப்பொன் தகடு பதித்து, அதை நீர்மேல் அமிழ்த்தி உள்ளே பார்த்தால், அலை மறைந்து அடித்தரை தெளிகிறது. அத்தகடு நம் மலையில் வெட்டி அனுப்பியது. நாம் அதைப் பலகணிக்குப் பதித்து மழையைப் பார்ப்பதோடு நின்றுவிட்டோம். யாம் கண்டது: மஞ்சளும் நீலமும் கோடிட்ட மீன்கள், பூ என்று நினைத்தால் வாய் மூடிக்கொள்ளும் உயிர்கள், பாறைமேல் எம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்து செல்லும் ஓர் ஆமை. அதோ அதோ என்று காட்டுவதற்காகக் கையை நீருக்குள் விட்டோம். குளிரில் விரல் சுருங்கியது. கணையாழி கழன்று பாறைப் பொந்துக்குள் போயிற்று. அப்பொந்தில் அஞ்சாலை குடியிருக்கிறது; பாம்பு உடலும் நாய்ப்பல்லும் உடைய மீன். மூழ்கி எடுக்க நீள்கரையார் பலர் முன்வந்தனர். ஒரு மோதிரத்துக்காக ஒருவன் விரல் போகவேண்டாம் என்று தடுத்தோம். அன்று அது நல்ல முடிவாகத் தோன்றியது. இன்றும் அப்படியே தோன்றுகிறது, ஆனால் இவ்வோலையில் முத்திரை இல்லாமற்போனதற்கு அதுவே காரணம்.

நேற்றுத் தேவியார் ஓலையை வலம்புரிக்கோனிடம் மறைக்காமல் வாசித்துக் காட்டினோம். எம்மைக் கட்டிவைப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். பெரும்படை என்றோம். உடனே அமைச்சரை அழைத்து, உலர்மீனும் அரிசியும் போதுமா என்று பார்க்கச் சொன்னார். இந்நாட்டுக்கு மதில் இல்லை, தேவி. காய்கின்ற வலைகள்தாம் இருக்கின்றன. வருகிறவர் வேலோடு வருகின்றனர் என்று யாம் விளக்கியபோது, வந்தவர் முதலில் உண்ணட்டும் என்றார். யாம் எழுந்து வெளியே போய்விட்டோம். அவர்முன் கண்கலங்கினால், முறைமை கருதி அவரும் கண்கலங்குவார் அன்றோ?

உறக்கமின்றி விடியலைக் கண்ட எம்மை, சுற்றுலாவில் ஓரிடம் பாக்கி இருக்கிறது என்று சேலாயி வற்புறுத்திப் படகில் ஏற்றினாள். மனம் ஒப்பாமல்தான் சென்றோம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, உப்பு ஏறாத துறை அது. நீரில் மஞ்சள்பூ மிதந்துவந்தது. எடுத்துப் பார்த்தோம். வேங்கைப்பூ. சுற்றிலும் தென்னையும் தாழையும் அன்றி வேங்கை ஒன்றும் இல்லை. இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, மலையிலிருந்து வருவதாகவும், தாங்கள் பெரியாத்தா என்று அழைப்பதாகவும், ஊர் முழுதும் குடிப்பதும் உலை வைப்பதும் இந்நீரே என்றும் அவள் கூறினாள். யாம் ஒரு கை அள்ளிக் குடித்தோம். தேனாறு! நம் முற்றத்து ஊற்றின் அதே சுவை. வழியெல்லாம் நடந்து வந்ததால் சற்றே மண்வாசனை கூடியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அவையோர் கேட்பாராக. நாம் பிறந்த நாள் தொட்டு இவர்களோடு ஒரே நீரைக் குடித்துவருகிறோம். நம் ஊற்றில் எழுந்தது இவர்கள் உலையில் கொதிக்கிறது. நம் முறைமைப்படி இவர்கள்மேல் படையெடுக்க எம்மாலும் ஆகாது, தேவியாராலும் ஆகாது. யாமே நேரில் வந்து சொல்லலாம். ஆயின் பல்லக்கு முழுநிலவுக்கு முன் மலைவாயிலை எட்டாது. மேலும், யாம் இங்கிருக்கும்வரை இக்கரையில் ஓர் அம்பும் விழாது என்று சங்குத்துறையாருக்கு வாக்களித்துள்ளோம். ஆதலால் சேலாயியே ஆற்றுவழி துடுப்பு வலித்து இவ்வோலையைக் கொணர்கிறாள்.

நம் ஆணை வருமாறு. மலைவாயிலில் நிற்கும் படை, வேலும் வாளும் அங்கேயே அடுக்கிவிட்டு, அணி அணியாகக் கடலோரம் இறங்குக, விருந்தினராக. ஓர் அணி கண்டு மீண்டபின் அடுத்த அணி வருக. வலம்புரிக்கோனின் அரிசிப்பானையும் பாவம் மூச்சுவிடட்டும். படகில் எவரும் எழுந்து நிற்றல் கூடாது. கடலை ஒருவரும் குடித்தல் கூடாது. மீறுவோர், தம்மோடு சேர்ந்து குடிக்கப்போகும் முதியவரை எண்ணிப் பார்க்க. அஞ்சாதகண்டனாரைத் தண்டிக்க வேண்டா. கூப்பிட்டால் கரையேறும்படி மட்டும் அவர் மனைவியார் ஒரு கண்டிப்பு ஓலை விடுக்க. சேலாயி மலை கண்டதில்லை. அவளை நம் அருவிக்கும் மேகம் தவழும் சாரலுக்கும் அழைத்துச் சென்று காட்டுக. அவள் பயந்து எங்கேனும் உட்கார்ந்துவிட்டால், தேவியாரும் அருகில் உட்கார்க. அது அவர்கள் நாட்டு மரியாதை.

மழை வழுவாக் குன்றும் மீன் வழுவாக் கரையும் உள்ளளவும் இவ்வாணை நிற்க. ஓலை வாசிப்போர் இவ்வளவில் நிறுத்தி, அடுத்த ஏட்டைத் தாம் பாராமல் தேவியார் கையில் தருக.

நறுந்தொடி, இனி நீ மட்டும் வாசி. கணையாழி இல்லாத ஓலையை நம்பமாட்டேன் என்று அவையில் சொல்லிவிட்டாய். உன் சொல்லை நீயே மீறமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கீழே அரக்கை உருக்கி என் வலக்கைக் கட்டைவிரலைப் பதித்திருக்கிறேன். குறுக்கே ஒரு தழும்பு ஓடும், பார். புலவர்கள் அதைப் புலி கீறியது என்று பாடுகிறார்கள். நாடே நம்புகிறது. உன் சுயம்வரத்து வில்பயிற்சியில், இலக்குக்குப் பின்னால் நின்று உன் கண்ணில் படுவதற்காகக் கையை ஆட்டிய ஒரு மடையனை உன் அம்பு கீறியதென்று உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? வேறு எவன் விரலிலும் இந்தத் தழும்பை இட முடியாது. இட்டது உன் கை.

படையோடு வராதே. முதல் அணிக்கும் முன்னால் நீ வா. பெட்டிக்குள் இருவர் தலை நுழையும், அளந்து பார்த்துவிட்டேன்.

அரக்கு சுட்டது. உன் அம்பு அளவுக்கு இல்லை.