திருப்பித் தந்த கமரா

யூலை 8, செவ்வாய்

என்ரை நைற் விஷன் கமராவைப் பக்கத்து வீட்டு அண்ணை இண்டைக்குப் பின்னேரம் திருப்பித் தந்தார். இரவிலை பின்வளவுக்குக் கயோட்டி நரி வருகுதோ எண்டு பாக்கப் போன கிழமை இரவல் வாங்கினவர்.

"ஏதும் வந்ததோ அண்ணை?"

"ஒண்டும் வரேல்லை தம்பி."

சாப்பிட்டாப் பிறகு கார்ட்டைக் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தன். நாலு வீடியோ கிடந்தது. நாலிலையும் எங்கடை வீட்டுப் பின்பக்கத்துப் பலகைத் திண்ணை, டெக். என்ரை மனிசி வாசுகி இருட்டிலை தனிய இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள். நாலும் நான் நைற் ஷிப்ட் போன நாள்கள். அழிக்க மறந்தாரோ, நான் பாக்கட்டுமெண்டு விட்டாரோ தெரியேல்லை.

வாசுகியைக் கூப்பிட்டுக் காட்டினன்.

"ஆரோ பாக்கிற மாதிரி எனக்கு முந்தியே கிடந்தது. அதாலைதான் ரெண்டு மாசமா டெக் லைற்றை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறனான்," எண்டாள்.

இருட்டிலை ஆளைத் தெளிவாக் காட்டுற சாமானை அந்தாளின்ரை கையிலை குடுத்து, எந்தப் பட்டனை அமத்திறதெண்டு சொல்லிக் குடுத்ததும் நான்தான்.

வாசுகி கீழை கதவுப் பூட்டைத் திரும்பவும் இழுத்துப் பாக்கிறாள். நாளைக்கு வேலைக்கு வரேல்லை எண்டு மெசேஜ் போட்டிட்டன். அதுக்கு அடுத்த நாள் என்ன செய்யிறது?