பாலத்தில் நின்ற வண்டி

பல்கலைக்கழகக் குடியிருப்பு
மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

நானும் அம்மாவும் நலம். அங்கே செல்போன் டவர்கள் எல்லாம் விழுந்து கிடப்பதால் கொஞ்ச நாளைக்குக் காகிதம்தான் என்று உன் அலுவலகத்தில் சொன்னார்கள். போகிற வருகிற வண்டிகளில் கொடுத்தனுப்பலாமாம். நல்லதுதான். போனில் என்னை நீ முழுதாகப் பேசவிட்டதே இல்லை.

நேற்று அம்மா உன்னைச் செய்தியில் பார்த்தாள். முகம் தெரியவில்லை, முதுகுதான். "அதே பச்சைச் சட்டை. கிளம்பின அன்னிக்குப் போட்டது. இன்னும் மாத்தல அவ" என்றாள். நிலநடுக்கத்தில் ஓர் ஊரே சரிந்து கிடக்கிறது; அம்மாவுக்குச் சட்டைதான் கவலை. மறு ஒளிபரப்பு வரும்வரை உட்கார்ந்திருந்து உறுதி செய்துகொண்டாள்.

உன் முதுகுக்குக் கீழே "நிவாரண ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டார்கள். ஒருங்கிணைப்பு என்றால் சரியாக என்ன வேலை? டாக்டர் கட்டுப் போடுகிறார். எஞ்சினியர் இடிபாடுகளை அகற்றுகிறார். நீ? கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். தன் குடையை எங்கே வைத்தோம் என்று தெரியாத ஒருத்தி ஓர் ஊருக்கு வருவதையும் போவதையும் ஒழுங்குபடுத்துகிறாள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

இங்கே பல்கலைக்கழகத்திலும் ஒரு நிவாரணக் குழு போட்டு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். புள்ளியியல்காரி சும்மா இருப்பேனா? அந்த ஊரின் மக்கள்தொகை விவரத்தை எடுத்து, வயது விகிதப்படி கோட்டு, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் அளவு பிரித்துக் கட்டியிருக்கிறோம். ஒரு லாரி நிறைய. நாளை துணைவேந்தர் கொடியசைத்து அனுப்புகிறார். வந்து சேர்ந்ததும், பேனர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்கச் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு. இது அம்மா எழுதச் சொன்னது.

அன்புடன்,
அக்கா


பாலத்தடி
மார்ச் 9

அக்கா,

உன் வண்டியைப் பாலத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறேன். வேறு யாரோ அல்ல, நானேதான் நிறுத்தினேன். டிரைவர் அண்ணன் மேல் தப்பில்லை. அவர் உனக்காக என்னோடு நன்றாகவே சண்டை போட்டார். விவரமாக எழுத இப்போது நேரமில்லை. கோபப்படுவாய். படு. பிறகு எழுதுகிறேன்.

வாலு


பல்கலைக்கழகக் குடியிருப்பு
மார்ச் 11

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் திருப்பி அனுப்பிய வண்டி நேற்று மாலை வந்து சேர்ந்தது. ஒரு கட்டுக்கூடப் பிரிக்கப்படவில்லை. பேனர் மட்டும் கிழிந்திருந்தது.

இரவு பகலாகக் கட்டுக் கட்டிய மாணவிகள் வாசலில் நின்றிருந்தார்கள். "மேடம், அவங்களுக்கு வேணாமாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் தன்னுடைய சொந்தக் கோட்டையே கழற்றிக் கொடுத்தவள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. வெளியே வந்ததும் தொடர்கிறது. "திருப்பினது அவங்க தங்கச்சியாமே" என்பது மட்டும் காதில் விழுகிறது.

துணைவேந்தர் உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் தயார் செய்துவிட்டார். அதில் முதல் கையெழுத்து குழுத் தலைவியுடையது. அதாவது என்னுடையது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டும். போடாமலிருக்க ஒரு காரணம் சொல். தங்கை என்பது காரணமாகாது.

வண்டி பழுதாகித் திரும்பியது என்று அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "அவதான் திருப்பியிருப்பா" என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு.

இப்படிக்கு,
தலைவி, நிவாரணக் குழு


பாலத்தடி
மார்ச் 13

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கு (போதுமா, அக்கா?),

இந்த ஊருக்குள் வர ஒரே சாலை. அந்தச் சாலையில் ஒரு பாலம். அதில் பாதி சரிந்துவிட்டது. மிச்சப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போகலாம், அதுவும் ஊர்ந்து ஊர்ந்து.

ஆரம்பத்தில் இங்கே யாரும் யாரையும் நிறுத்தவில்லை. உதவிதானே, வரட்டும் என்று விட்டார்கள். பழைய துணி ஏற்றிய லாரிகள் உள்ளே வந்து, திரும்ப இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் அவற்றுக்குப் பின்னால் ஒரு பகல் முழுக்க அக்கரையில் நின்றது. இந்தப் பக்கம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கூடாரம் போட வேண்டிய மைதானத்தில் இறக்கிப்போட்ட துணிமலை இன்னும் கிடக்கிறது, மழையில் நனைந்து நாறிக்கொண்டு. உச்சியில் ஒரு நீச்சல் உடை. யார் அனுப்பியதோ, மகராசி.

அதனால் ஒரு விதி வைத்தேன். தினமும் காலையில், கூரை போன பேருந்து நிலையத்தில் எல்லோரும் கூடுகிறோம். மருத்துவர்கள், ராணுவம், தண்ணீர்க்காரர்கள், சமையல்காரர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தொண்டு நிறுவனங்கள். அந்தக் கூட்டத்தில் "நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம்" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. "அவர்கள் கேட்டார்கள்" என்றுதான் தொடங்க வேண்டும். யாரும் கேட்காத பொருள் அன்றைக்குப் பாலம் தாண்டாது. ஒருங்கிணைப்பு என்றால் என்ன வேலை என்று கேட்டாயே? பெரும்பாலும் இதுதான். பாலத்தில் நின்று எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குவது.

உன் கணக்கில் தப்பில்லை, அக்கா. அளவெல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் பூமி ஆடியது நடுப்பகலில். எல்லோரும் கடையிலும் வேலையிலும் தெருவிலும் இருந்தார்கள். உயிரோடு வந்தவர்கள் செருப்போடுதான் வந்தார்கள். மறுபடி ஆடினால் ஓட வேண்டுமே என்று இன்னும் அதைக் கழற்றாமல் தூங்குகிறார்கள். செருப்பு இருக்கிறது. கோட்டு மலையாகக் கிடக்கிறது. இல்லாதது என்ன தெரியுமா? இங்கே ஒரு பள்ளி ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "எல்லாரும் மேல போடத்தாம்மா குடுக்கறாங்க. உள்ள போட மாத்து இல்ல. துவைச்சுக் காயற வரைக்கும் போர்வைய சுத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். இத எந்த ஆம்பளகிட்டப் போயி கேக்கறது?"

புகார் விஷயம். தலைமை அலுவலகத்தில் என் மேல் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. உங்களுடையதும் போனால் என்னை மாற்றிவிடுவார்கள். புதிதாக வருகிறவர், பாவம், எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்கப் பார்ப்பார். பாலம் மறுபடி அடைத்துக்கொள்ளும். இதை உள்ளது உள்ளபடி சொன்னேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாதே என்று கேட்கவில்லை. உன்னிடம் எனக்கு ஒருநாளும் சலுகை கிடைத்ததில்லை. இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

வாலு

பி.கு.: குடை உன் வீட்டில்தான் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பார்.


பல்கலைக்கழகக் குடியிருப்பு
மார்ச் 18

அன்புள்ள வாலுக்கு,

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். இருக்கிறது.

உன் கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. அது ஒரு தரப்பின் வாக்குமூலம். எனவே டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் மேடம். 'இது உங்க அக்கா வண்டிம்மா'ன்னேன். 'அப்படின்னா கண்டிப்பா திருப்பணும்ணே. அக்கா வண்டிய உள்ள விட்டுட்டு, அடுத்தவன் வண்டிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிறுத்துவேன்?'னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! 'நீயெல்லாம் ஒரு தங்கச்சியா'ன்னு கேட்டுட்டேன். அதுக்கு சிரிக்கறாங்க மேடம். அப்புறம் டீ குடுத்தாங்க. இருந்தது ஒரு டம்ளர்தான். நான் குடிச்சு முடிச்சப்புறம் கழுவி அவங்க குடிச்சாங்க."

மறுநாள் காலை வண்டியைத் திருப்ப வழி கிடைக்கும்வரை அவர் உங்கள் கூட்டத்தை ஓரமாக நின்று பார்த்திருக்கிறார்.

"ராணுவ அதிகாரி ஒருத்தரு, ஆறடி இருப்பாரு. எழுந்து 'நாங்க கொண்டு வந்திருக்கோம்'னு ஆரம்பிச்சாரு. 'உக்காருங்க சார். யாரு கேட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வாங்க'ன்னாங்க. உக்காந்துட்டாரு மேடம்! என் பொண்டாட்டி சொன்னாக்கூட நான் அவ்வளவு சீக்கிரம் உக்கார மாட்டேன்."

அதற்குப் பிறகு துணைவேந்தரின் அறைக்குப் போனேன். கடிதம் மேசையில் தயாராக இருந்தது. பேனாவைக்கூட அவரே நீட்டினார். நான் வாங்கவில்லை.

"தங்கச்சிங்கறதால விட்டுக்குடுக்கறீங்களா?" என்றார்.

"தங்கச்சின்னு நெனச்சிருந்தா போட்டிருப்பேன் சார். எங்க வீட்டுப் பழக்கம் அது. அங்க நிக்கற ஒருங்கிணைப்பாளர நெனச்சுத்தான் போடல" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாலத்தைப் பற்றி விளக்கினேன். முழுதாகச் சமாதானமானாரா, தெரியாது. ஆனால் தலைவியின் கையெழுத்து இல்லாமல் புகார் போகாது. கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்தது குழுக் கூட்டம். "உள்ளாடை" என்று நான் சொன்னதும் வேதியியல் பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தை ஆராயத் தொடங்கினார். கூட்டம் முடியும்வரை அந்த மரத்தை விட்டு அவர் கண் அகலவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்தான் முதலில் எழுந்தாள். "நாங்க போயி வாங்கிட்டு வரோம் மேடம், அளவு மட்டும் சொல்லுங்க" என்றாள். அளவுக்கு மட்டும் என் விகிதாச்சாரக் கணக்கு உதவியது. எல்லாம் புதிது. அவளுடைய கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தாள். அங்கே கோட்டு மலையாகக் கிடக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டியதும் போட்டுக்கொண்டாள்.

தார்ப்பாயும் கயிறும் வாளியும் வேண்டுமென்று உன் அலுவலகத்தில் சொன்னார்கள். யார் கேட்டார்கள் என்று விசாரித்தேன். மேட்டுத் தெருக்காரர்கள் என்றார்கள். ஏற்றிவிட்டோம். நாளை வண்டி கிளம்புகிறது. பேனர் இல்லை, கொடியசைப்பு இல்லை. காவலாளி கேட்டைத் திறந்துவிடுவார், போதும்.

நான் யாருக்கும் நூற்றுக்கு நூறு போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். உனக்கும் போடப்போவதில்லை. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷமாகப் பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவரவர் பெருமையை வாசலில் விட்டுவிட்டு வரச்சொல்லி ஒருத்தி மற்றவர்களிடம் கேட்டதை நான் பார்த்ததில்லை. கேட்டதோடு, தன் வீட்டு வண்டியிலிருந்தே அதைத் தொடங்கியதையும் பார்த்ததில்லை. டிரைவர் போன பிறகு வெகுநேரம் அந்த ஆறடி அதிகாரி உட்காருவதை நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன் என்றும் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பாலத்தடி
மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வண்டி வந்தது. மறுபடியும் பாலத்தில் நிறுத்தினேன்.

கோபப்படாதே. அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. டிரைவர் அண்ணன் இன்னொரு சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் போனேன். நான் கையைத் தூக்குவதற்கு முன்பே அவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். இறங்கி வந்து பின்னால் நின்ற லாரிக்காரர்களையும் அவரே ஓரங்கட்ட வைத்தார். ஒருவன் ஹாரன் அடித்ததற்கு, "என்னப்பா அவசரம்? அந்தம்மா சும்மா நிறுத்தமாட்டாங்க" என்று அதட்டல் வேறு.

"என்னண்ணே, கட்சி மாறிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ப்ரொபசரம்மா கிளம்பறப்பவே சொல்லிட்டாங்கம்மா. 'பாலத்துல அவ நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க. ஏன்னு கேக்காதீங்க. அவ யோசிச்சிட்டுத்தான் சொல்லுவா'ன்னாங்க."

இதை நீ என்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, அக்கா. சொல்லவும் வேண்டாம். டிரைவர் வழியாக வந்ததே எனக்குத் தாராளம். நான் அந்தப் பக்கம் திரும்பி, ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கொஞ்சநேரம் அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுகளை ஆசிரியையிடம் கொடுத்தோம். பெண்கள் கூடாரத்தின் திரையை இழுத்துவிட்டு அவளே பிரித்துக் கொடுத்தாள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. இத்தனை நாளில் இந்த முகாமில் இவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டதில்லை. தார்ப்பாய் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. தலைமை அலுவலகம் என்னை மழைக்காலம் முடியும்வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறது.

ஒரே ஒரு குற்றம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காகிதத்தில் சுற்றி, இங்கே யாருமே கேட்காத ஒரு பொருள் வந்திருந்தது. நீல நிறம், முழுக்கை. பெயர் எழுதவில்லை. கட்டிய முடிச்சு உன்னுடையது. விதிப்படி அதை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அம்மா கேட்டாள் என்று எழுதிக்கொண்டேன். இனி செய்தியில் என் முதுகு தெரிந்தால் நன்றாகப் பார்க்கச் சொல்.

வாலு