ஜெனோவா விட்டுப்போன பதினாறு நோட்டு

என் ஜெனோவா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன் அண்ணன் பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று உன் போட்டோவோடு வந்தார். நாலு வரி, ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்திப் படம், கீழே குடும்பத்தார் பெயர். நான் வேண்டாம் என்றுவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது. அதில் உன்னைத் திட்ட வேண்டியதும் இருக்கிறது.

அதனால் இதை நீ ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற பதினோரு அம்மாமார். நீ போன பிறகு உன் இடத்தில் நான், ஒரே ஆம்பிளை. "எந்த சிலபஸ் நல்லது? எந்த செட் வாங்கலாம்?" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்பார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி பதில் போடுவேன். "என் மனைவி எட்டாம் வகுப்புத் தேர்வு வரைக்கும் தன் கையாலேயே பாடம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பதினாறு நோட்டு. வேறு எதுவும் எங்களுக்குத் தேவையில்லை" என்று. அவர்களும் கும்பிடுகிற கைப் படம் அனுப்புவார்கள். நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதுதான், ஆனால் பொய் பொய்தானே?

புதிதாக வந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் மெர்லினுக்கு நாக்கு திக்கும். நாலாம் வகுப்பில் ஒரு டீச்சர், செய்யுளைத் திக்காமல் சொல்லி முடித்தால்தான் உட்காரலாம் என்று நிறுத்தி வைத்தார். மத்தியான மணி அடிக்கும்வரை நின்றாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. நீ போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தாய். "இங்கேருங்க, பேச்சே போன பெறவு படிப்பு என்னத்துக்கு?" என்றாய். நான் ஹார்பருக்குக் கிளம்புகிற அவசரத்தில் "உன் இஷ்டம்" என்றேன். அவள் படிப்பில் என் பங்கு அந்த இரண்டு வார்த்தைதான்.

பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்க நீ பட்ட பாடு இருக்கிறதே! கட்டில் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தாய். சர்க்கார் புத்தகம் ஒரு பக்கம், சென்னையில் ஓர் அம்மாவிடம் பழசாக வாங்கிய வெளிநாட்டு செட் ஒரு பக்கம். நான் படுக்க இடமில்லாமல் கீழே பாய் விரித்தேன். "இவன் கணக்குல பனிமனுசனுக்கு எத்தன பொத்தான்னு கேக்கான். நம்ம பிள்ள பனிய எங்கன பாத்தா, ஐஸ் கம்பெனியிலயா?" என்று சிரித்தாய். இன்னொரு புத்தகத்தில் நம் தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதற்காக அந்தப் புத்தகத்தோடு இரண்டு நாள் சண்டை போட்டாய். கடைசியில் எதையும் முழுசாக எடுக்கவில்லை. கணக்கு சர்க்கார் புத்தகத்திலிருந்து, ஆங்கிலம் வெளிநாட்டுக்காரனிடமிருந்து. அறிவியலுக்கு அவளை உப்பளத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தியில் தண்ணீர் காய்வதைக் காட்டினாய்.

இன்னொரு வழக்கமும் உனக்கு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் இல்லாவிட்டாலும் அங்கங்கே ஒரு கணக்கை வேண்டுமென்றே அரைகுறையாகக் கொடுப்பாய். பஸ் எத்தனை மணிக்குச் சாயர்புரம் போய்ச் சேரும் என்று கேட்பாய், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சொல்லமாட்டாய். மெர்லின் "விவரம் போதாது" என்று எழுத வேண்டும். எழுதினால் முழு மார்க். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது, அதுதான் படிப்பிலேயே பெரிய பாடம் என்பாய்.

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடியில் தலையணை வைத்து எழுதினாய். நான் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி வருவேன், மெர்லின் உன் பக்கத்திலேயே இருப்பாள். ஒருநாள் பச்சை டிரங்குப் பெட்டியைக் காட்டி, "பதினாறு இருக்கு. வரிசையாத்தான் குடுக்கணும். ஒரு நோட்டத் தப்பில்லாம முடிச்சாத்தான் அடுத்தது" என்றாய். நான் லேபிளைப் பார்த்து எண்ணினேன். ஒன்று முதல் பதினாறு வரை, உன் கையெழுத்து. ஒவ்வொரு நோட்டும் நூல் போட்டுக் கட்டியிருந்தது. சரி என்று மூடிவிட்டேன்.

என் வேலை அப்படி. இருபது வருஷமாக நான் டேலி கிளார்க். கன்டெய்னர் இறங்கினால் நம்பர் சரியா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற உரிமை எனக்குக் கிடையாது. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குள் எட்டு நோட்டு ஓடிவிட்டது. ஒன்பதில் நின்றாள். மூன்று தடவை முதலிலிருந்து போட்டும் தப்பு. அழித்து மறுபடி போடுவாள். போன தடவை தப்பாகப் போட்டது இந்தத் தடவை சரியாக இருக்கும், போன தடவை சரியாகப் போட்டது இந்தத் தடவை தப்பாக இருக்கும். அழித்து அழித்துத் தாள் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்தது. கடைசிப் பக்கத்துக் கடைசிக் கணக்கை மட்டும் மூன்று முறையும் வெறுமனே விட்டிருந்தாள். "இது அம்மா வேணும்னே அரகொறயா விட்டதுல்லா? விவரம் போதாதுன்னு எழுதுனா என்ன கொறஞ்சா போவ?" என்று கத்தினேன். ஒருநாள் நோட்டைத் தூக்கி எறிந்தேன், ஜெனோவா. அவள் போய் எடுத்து, மடங்கின மூலையை நீவிவிட்டாள்.

உன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, நாலு மாசமா ஒரே நோட்ட அழிச்சு அழிச்சு எழுதுதா. ஈஸ்டர் கழிஞ்சும் இப்படியே இருந்தா ஜூன்ல ஹாஸ்டல்ல சேத்திருவோம். நீரு டூட்டிக்குப் போயிட்டா பிள்ள நாள் முழுக்கச் செவத்தப் பாத்துல்லா இருக்கா?" என்றார். மெர்லின் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் என்றால் நாற்பது பேருக்கு நடுவில் மறுபடி எழுந்து நின்று ஒப்பிப்பது. அவளுக்கு அது தெரியும். மறுநாளும் தப்பாகவே போட்டாள்.

கடைசி முயற்சியாக பெங்களூரில் அச்சடித்த புது செட் ஒன்றை வரவழைத்தேன். என்ன ஆச்சரியம்! ஆறு வாரம், ஒரு தப்பு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அண்ணனுக்கு போன் போட்டு, ஹாஸ்டல் வேண்டாம், கோளாறு பிள்ளையிடம் இல்லை என்றேன். அப்படியென்றால் கோளாறு உன் நோட்டில்தான் என்று முடிவு கட்டினேன். பெங்களூர் செட்டையே வாங்குங்கள் என்று குரூப்பிலும் போட்டேன். பாவி நான். தருவைகுளத்திலிருந்து ஒரு அம்மா தன் மகனுக்கு உன் நோட்டுகளைக் கேட்டிருந்தாள். கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெட்டியை இறக்கினேன்.

ஒன்பதாவது நோட்டை எடுத்தபோது பின் அட்டை கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் தப்புகளை அங்கேதான் குறித்திருந்தேன், ஹார்பரில் போடுவது போல நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மூன்று தடவைக்கும் சேர்த்துப் பார்த்தேன். நாற்பது. நாற்பது. நாற்பது. நோட்டில் பக்கமும் நாற்பதுதான்.

நான் மூட்டைக் கப்பலில் நின்றவன். மூட்டை தானாகக் கிழிந்தால் கிரேனின் ஒரு இறக்கத்தில் அஞ்சு கிழியும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. இறக்கத்துக்கு ஒன்று என்று கணக்காகக் கிழிந்தால், யாரோ கொக்கி போட்டுக் கிழிக்கிறான் என்று அர்த்தம். பக்கத்துக்கு ஒரு தப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பத்தாம் நோட்டின் நூலில் கை வைத்தேன். மெர்லின் ஓடி வந்தாள்.

"அ... அப்பா, அதத் தெறக்காதீங்க."

திறந்தேன். வெறும் தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு வரைக்கும் எல்லாம் வெறும் தாள்.

ஏளா ஜெனோவா, ஏன் அப்படிச் செய்தாய்?

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்கி வந்தது. லேபிள் எழுதுவது சுலபம் என்று நீ முதலில் பதினாறு லேபிளையும் ஒட்டினாயாம். ஒன்பதின் கடைசிப் பக்கத்தில் விரல் மடங்கவில்லையாம். "அப்பாட்ட சொல்லாத, தைரியம் விட்டுருவாரு" என்றாயாம். நூல் போட்டுக் கட்டியதே அவள்தானாம்.

"சரி மக்கா, நீ ஏன் தப்பு தப்பாப் போட்ட?"

"மு... முடிச்சா பத்து எடுப்பீங்க. எடுத்தா தெரிஞ்சிரும். நீங்க எல்லார்ட்டயும் ப... பதினாறுன்னு சொல்லிட்டீங்கல்லா."

"ஹாஸ்டலுக்கு அனுப்பியிருந்தா?"

"போயிருப்பேன்."

பதினொரு வயதுப் பிள்ளை தலையில் இதை ஏற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்லறைக்கு வந்தபோது கூட மெழுகுவர்த்தி ஏற்றாமல் திரும்பிவிட்டேன், தெரியுமா? ஆனால் யோசித்தால் ஏற்றிவைத்தவள் நீ மட்டும் இல்லை. நீ ஒரு தடவை சொன்னாய். நான் வாரா வாரம் குரூப்பில் பதினாறு, பதினாறு என்று பெருமையடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் போனில் வாசித்திருக்கிறாள். என் சொல்லைக் காப்பாற்ற மாதக்கணக்கில் மக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறாள்.

திக்கல் இப்போது முன்னைவிட மோசம். என்னிடம் பேசும்போதும் திக்குகிறாள், முன்பு என்னிடம் அவ்வளவு இருக்காது. சரியாகுமா? தெரியவில்லை. உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "என் தங்கச்சியா இப்படிச் செஞ்சா?" என்று மட்டும் கேட்டார். ஹாஸ்டல் பேச்சு நின்றிருக்கிறது. மறுபடி எடுப்பார். எடுத்தால் மெர்லினிடமே கேட்கச் சொல்வேன், அவள் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருப்போம்.

குரூப்பில் இருக்கிறவர்களே, எந்த செட் நல்லது என்று இனி என்னிடம் கேட்காதீர்கள். பெங்களூர் செட் வாங்குங்கள் என்று நான் சொன்னதையும் மறந்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் கட்டிலில் இப்போது மறுபடி புத்தகம் பரப்பியிருக்கிறது. இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாக அவள் புரட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

நேற்று ஒன்பதாம் நோட்டைத் தானாகவே எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு தப்பு இல்லை. இதுவரைக்கும் அவள் தப்பே இல்லாமல் செய்த எதைப் பார்த்தும் நான் அப்படி அழுததில்லை.

கடைசிக் கணக்கை நேற்றுத்தான் ஒழுங்காக வாசித்தேன். "ஒரு தோணி தூத்துக்குடியிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. அது மணிக்கு" என்பதோடு நிற்கிறது. எழுத்து கீழே இறங்கிக் கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. அதை நீ வேண்டுமென்று அரைகுறையாக விட்ட கணக்கு என்று நினைத்து அவளிடம் கத்தினேனே, ஜெனோவா. அவளுக்கு அது எங்கே நின்றது என்று தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அதன் கீழே நேற்று பென்சிலால் இல்லாமல் பேனாவால் எழுதியிருந்தாள். விவரம் போதாது.

நான் சரி போட்டேன். முழு மார்க்.

இனி எதையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். நம் பிள்ளை விஷயத்தில் மட்டுமாவது. தெரியாததைத் தெரியாது என்று அவளிடமே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
மெர்லினுக்கு அப்பா,
அந்தோணி