சிவப்பாகிப்போன கிளை

மகளே,

இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி.

வங்கிக் கிளைகளை மினியாபோலிஸில் உள்ள மெயின்ஃபிரேம் கணினியோடு இணைக்கும் லைன்களைக் கண்காணிக்கும் அதே வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ரெட் நதி கரையை உடைத்ததும் என் திரையில் உங்கள் ஊரில் நீ வேலை பார்க்கும் கிளை, லைன் அறுந்து, சிவப்பாகிவிட்டது. அலாரம் ஓயவில்லை.

"அந்த லைனை மூடித் தொலைய்யா. ஊரே தண்ணியில கெடக்கு, இனி எங்க வரப்போகுது?" என்றான் பக்கத்து இருக்கை டுவேன்.

"சத்தம் பிடிக்கலேன்னா நீ வெளிய போ," என்றேன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காபி எடுக்கப் போனவன் வெறுங்கோப்பையோடு திரும்பி வந்தேன். உன் தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை.

மறுநாள் மதியம் மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிகக் கிளை திறந்தார்கள். லைன் பச்சையானது. அந்தக் கிளையின் கணினியில் முதலில் உள்ளே நுழைந்தது உன் பெயர். யோசிக்காமல் உன் திரைக்கு ஒரு செய்தி தட்டிவிட்டேன்: "வீட்டில் எல்லோரும் நலமா?"

"நலம். குழந்தைக்குத்தான் கொஞ்சம் சளி. நீங்கள் யார்?"

குழந்தை!

"கண்ட்ரோல் ரூம்," என்று மட்டும் பதில் போட்டேன்.

சளி குறைந்ததா? என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

உன் அப்பா