வேன் வேண்டாம் என்று சொன்னவனுக்கு

மச்சான்,

இன்று காலை உன் குரல் என் பிழைப்பைக் கெடுத்தது. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்றாம் மாதம் நடக்கிறது. இன்னும் நீ ஓய்ந்தபாடில்லை.

பொலன்னறுவைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. கண்டிப் பக்கத்து ஆட்கள். கணவன், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், வயதான ஓர் உம்மா, கனத்த பைகள். என் வேனுக்கு இப்படியொரு லட்சணமான ஹயர் ஓட்டம் ஓட்டமாவடிச் சந்தியில் கிடைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வேன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போனேன். அந்த மனைவி கைபேசியை உயர்த்திப் பிடித்து ஒரு குரல் பதிவைப் போட்டாள். நீ பேசினாய்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓட்டமாவடியில இறங்கின உடன ஒரு வெள்ள வேன்காரன் சிரிச்சிக்கிட்டு வருவான். வேணாமெண்டு சொல்லுங்க. நல்ல மனிசன்தான். ஆனா உங்களுக்கு வேன் தேவல்ல."

சிரித்த முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். சின்னப் பெண் என்னைப் பார்த்தாள், வெள்ளை வேனைப் பார்த்தாள், வாப்பாவின் கையைச் சுரண்டினாள். நீ விட்டாயா? மட்டக்களப்பு பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிக்கச் சொன்னாய். டவுனில் இறங்கிக் கோட்டையை நடந்தே பார்க்கலாம், உள்ளே போக ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்றாய். "கல்லடிப் பழைய பாலத்த நடந்து கடங்க. நடுவில கொஞ்சம் நில்லுங்க, வாவி ரெண்டு பக்கமும் தெரியும், காத்துக்குக் காசு கேக்க ஆளில்ல. பொறகு காத்தான்குடிக்கு பஸ் எடுங்க. நீங்க பயணத்தில வந்த முசாபிர்தானே, ளுஹரையும் அஸரையும் சேத்துத் தொழுதிருங்க. பள்ளிவாசல்ல பொம்புளயளுக்கு வேற வாசல் இரிக்கி, கூச்சப்படாமக் கேளுங்க. சோறு பள்ளிக்கி முன்னுக்கு வாங்காதீங்க. பெரிய ரோட்ட விட்டு ஒரு ஒழுங்க தள்ளிப் போங்க, அதே சோறுதான், வில குறைவு."

அந்த உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த மகன எங்க காணலாம்? ஒரு சலாம் சொல்லிட்டுப் போவமே" என்று என்னிடமே கேட்டார். மௌத்தாகிப் போய்விட்டார் என்றேன். இன்னாலில்லாஹி சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார். உனக்காக அழுதும்கூட அந்த மனுசி என் வேனில் ஏறவில்லை, பார்த்துக்கொள்.

நீ தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். கையில் விசில், காதில் பேனை, தரிப்பிடத்தில் நீ உட்காரும் கொங்கிறீட் வாங்கு உன் சிம்மாசனம். எதிரே என் வேன். ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே பள்ளிவாசலில் தொழுதோம், ஒரே வெயிலில் நின்றோம். ஊருக்கு வருகிற முசாபிர்களை மட்டும் நீ எனக்கு விட்டுத் தரவில்லை. பஸ்காரர்கள் உனக்குக் கமிஷன் தருகிறார்களோ என்றுகூட ஒரு காலத்தில் விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றுமில்லை. சும்மா, இலவசமாக என்னைக் கெடுத்தாய்.

காயல்பட்டினத்திலிருந்து வந்த அந்த ஆட்கள் ஞாபகம் இருக்கிறதா? நான் பேசி முடித்து, பாதிப் பைகளை வேனில் ஏற்றியும் ஆகிவிட்டது. நீ விசிலை ஊதிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாய். "பைய எறக்குங்க, மட்டக்களப்பு பஸ் வருது" என்றாய். ஏற்றிய கையாலேயே நான் இறக்கினேன். அன்று உன் சட்டையைப் பிடித்தேன்.

"முசாபிர்ட வாயில விழாத மச்சான்" என்றாய், சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூடப் பார்க்காமல்.

"முசாபிர ஏத்தித்தான்டா என்ட புள்ளயள் சோறு தின்னுதுகள்."

"ஏத்து. நடக்க ஏலாதவன ஏத்து, நேரமில்லாதவன ஏத்து. சேத்து வெச்ச காசில புள்ளயளுக்கு நாலு இடம் காட்ட வாறவன விட்டுரு. அவன் இந்த முற மிச்சம் புடிச்சா அடுத்த முறயும் வருவான்."

அடுத்த முறையும் வந்தார்கள். வந்து உன்னைத் தேடிப் பிடித்துக் கட்டித் தழுவிவிட்டு மறுபடியும் பஸ்ஸில்தான் போனார்கள்.

பாசிக்குடாவிலாவது எனக்கு ஏதாவது மிஞ்சும் என்று நினைத்தேன். அதையும் நீ விட்டு வைக்கவில்லை. ஹோட்டல் வாசலால் போகாதீர்கள், பொதுப் பாதையால் போங்கள், விடியச் சுபஹு தொழுத கையோடு போனால் பெண்கள் உடுத்த உடுப்போடு நிம்மதியாகக் குளிக்கலாம், அந்த நேரம் பார்க்க யாரும் வருவதில்லை என்று சொல்லிக் கொடுத்தாய். சோற்றுப் பார்சலையும் ஓட்டமாவடியிலேயே கட்டிக்கொள்ளச் சொன்னாய். அங்கே போய் ஹலாலா ஹராமா என்று ஒவ்வொரு கடையாக விசாரிக்கத் தேவையில்லையாம். வருகிறவன் மடிக்கு நீ காவல், என் மடியில் நீ ஓட்டை.

இதில் பெரிய கொடுமை என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. என் மனைவி, வேன் வைத்திருக்கிற என் மனைவி, தன் தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு நீ சொன்ன வழியால் பஸ்ஸில் போய் மட்டக்களப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "வேன்ல போனா நீங்க ஹோர்ன் அடிச்சி அடிச்சி ஏத்திருவீங்க. இண்டைக்கித்தான் பாலத்துல ஆறுதலா நிண்டு பாத்த." நான் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

ஆகவே உன்னை அடக்கிய அன்று ஜனாஸாவில் நான் வாய் திறக்காததில் உனக்கு ஆச்சரியம் இருக்காது. தொழுகைக்கு முன்னால் உன் தம்பி நின்று, "காக்காவால ஆருக்காவது மனம் நொந்திருந்தா, மன்னிச்சி ஹலாலாக்கிக் குடுங்க" என்று கேட்டான். நின்ற ஸஃப்பு வரிசை முழுக்க "மன்னிச்சிட்டம்" என்றது. நான் சும்மா நின்றேன். பொய் சொல்லி உன்னை வழியனுப்ப எனக்கு மனமில்லை. மன்னிக்காத ஒருவன் பின்னால் நிற்கிறான் என்றால் மறுமையில் உனக்குக் கணக்கு இழுபடும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றேன்.

இன்று காலை அந்த பஸ் போனதும் நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உனக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பதால், முகம் பார்க்கக்கூடாதென்று வாசலுக்கு வெளியே நின்றேன். அவள் திரைக்கு உள்ளேயிருந்து பேசினாள். உன் போன் அவளிடம்தான் இருக்கிறதாம்.

"மௌத்துக்கு முந்தி, ஹயாத்தோட இரிக்கக்குள்ள அவரு பதிஞ்சி வெச்சது காக்கா. வழி கேட்டு இன்னும் ஆக்கள் எழுதுறாங்க. அனுப்பி உடுறன். இத்தாவில எனக்கும் பொழுது போகோணுமே."

"அதுல என்னப் பத்திச் சொல்லி இரிக்கிறான் புள்ள."

"ஓம், நானும் கேட்ட. நல்ல மனிசனெண்டும் சொல்லித்தானே இரிக்காரு."

போகத் திரும்பினேன். அவள் கூப்பிட்டு நிறுத்தினாள். "மையத்துத் தொழுகையில நீங்க ஒரு ஆள்தான் வாய் தொறக்கல்லயாம். ஆரு சொன்னெண்டு கேக்காதீங்க. அவரால உங்களுக்குப் போன ஹயர் கொஞ்சமில்ல, எனக்குத் தெரியும். அல்லாவுக்காக மன்னிச்சிருங்க காக்கா. அவரு அங்க நிம்மதியா இரிக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன், கேள்.

ஹயர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். காயல்பட்டினத்தார், கண்டிக்காரர், பாசிக்குடா, என் மனைவி, இன்று காலைக் குரல், எல்லாமே ஹலால். உன் தம்பி கேட்டபோதே அதெல்லாம் என் மனதில் இல்லை. அன்று என் வாயைக் கட்டியது வேறொன்று.

நீ போன அந்தக் காலை வேளையில் வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். ஒரு கை நெஞ்சில். சட்டை நனைந்திருந்தது, வெயில் அப்படி என்றுதான் நினைத்தேன். யாரோ முசாபிர்களுக்காகக் காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். ஆனாலும் உன் முகம் சரியில்லை. ஹோர்ன் அடித்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். என் வேன் வெறுமையாக நின்றது, பின் சீட்டில் ஆள் நீட்டிப் படுக்கலாம். நான் கதவைத் திறந்து காட்டினேன். நீ கையை ஆட்டி, போ போ என்றாய். பஸ் வந்தது, ஏறினாய். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாய் என்று யாருக்கும் சொல்லவில்லை. உட்கார இடம் கிடைத்தும் பிள்ளையோடு நின்ற ஒருத்திக்கு எழும்பிக் கொடுத்தாயாம், கொண்டக்டர் சொன்னான். வழியிலேயே, ஏறாவூர் வரும் முன்னே சரிந்துவிட்டாய். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று போகிற பஸ்ஸடா அது. நெஞ்சு வலியோடு அதில் ஏறுவானா ஒருவன்?

உன்னிடம் நான் காசு வாங்கியிருக்கமாட்டேன். அது உனக்குத் தெரியும். ஊரில் எவனெவனுக்கோ இலவசமாக வழி காட்டியவன், நான் இலவசமாக ஏற்றுவதை மட்டும் ஏற்கமாட்டேன் என்றாய். நடக்க ஏலாதவனை ஏற்று என்று சொன்னது நீதானே. அன்று சந்தியில் நடக்க ஏலாமல் இருந்தது நீதானே.

நாளைக்கு உன் மனைவியிடம் போய், மன்னித்துவிட்டேன் என்று சொல்லுவேன். அவள் தூங்கட்டும். ஆனால் இந்த ஒன்றை யார் கேட்டும் கொடுக்கமாட்டேன். மறுமையில் நீயே வந்து என்னிடம் கேட்க வேண்டும். எல்லாரையும் எழுப்பி நிறுத்தும் மஹ்ஷர் வெளியில் பஸ் ஓடாது, அவ்வளவு சனத்துக்குள்ளும் நடந்துதான் என்னைத் தேட வேண்டும். தேடி வா. நீ வந்து சேரும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.