மழையில் நனைந்த முந்நூறு சட்டை

என் கோபக்காரிக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நீயும் நம் வாலுவும் சுகமாக இருக்க வேண்டும். அவளுக்கு இருமல் நின்றதா? ஆவி பிடிக்க வை, கத்தினால் கத்தட்டும்.

இது தபாலில் வரும் கடிதம் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டுநர் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வருகிறார். தபாலில் போவதையெல்லாம் கேப்டன் பிரித்துப் படிக்கிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பட்டாளத்துக்குச் சீருடை தைக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இங்கே பட்டாளமே இல்லை. நாங்கள் ஆறு பேர்தான். கித்தான் துணியில் பீரங்கி வண்டி தைத்து, காற்றடித்து நிறுத்துகிறோம். ஆளில்லாத கூடாரங்களில் அடுப்பு மூட்டிப் புகை விடுகிறோம். மேலே பறந்து படம் எடுக்கும் எதிரிக்கு முந்நூறு பேர் இருப்பதாகத் தெரிய வேண்டும். நிஜப் படை எங்கே இருக்கிறதென்று எங்களுக்கும் தெரியாது.

தினமும் முந்நூறு சட்டைகளைக் கொடியில் காயப்போடுவது என் வேலை. போன மாதம் திடீரென்று மழை. ஆறு பேர் எத்தனையைத்தான் எடுப்பது? அப்படியே விட்டுவிட்டோம். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. "மழையில துணி காயப்போடுற பட்டாளத்த எவன்யா நம்புவான்?" என்று கேப்டன் குதித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சட்டைகளைக் கயிற்றோடு சேர்த்துத் தைத்தால் ஒரே இழுப்பில் உள்ளே வந்துவிடும் என்று சொல்லி, தைத்தும் கொடுத்தேன். அடுத்த தூறலுக்கே முந்நூறும் கூடாரத்துக்குள் ஓடின. கேப்டன் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது எதிரி நம்பிவிட்டான். விமானம் நாளுக்கு மூன்று முறை வருகிறது. குண்டு இங்கே விழ வேண்டும் என்றுதான் எங்களை வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஓடிப்போய்ப் புகை நின்றால் குட்டு உடைந்துவிடும் என்று வாசலில் காவல் போட்டாயிற்று. கேப்டன் மட்டும் சாயங்காலமானால் ஜீப்பில் கிளம்பிவிடுகிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்களே, நான் சொந்த ஊசியில் வைத்துக்கொண்டேன்.

எழுத வந்த விஷயம் இனிமேல்தான். திங்கட்கிழமை கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "குடும்பத்த வரச்சொல்லு. பொம்பளைங்க, குழந்தைங்க நடமாடினா இன்னும் நெஜமா இருக்கும்" என்றார். முடியாது என்றேன். காகிதத்தை முன்னால் வைத்துவிட்டு என் தலைக்கு மேலேயே நின்றார். வீடு கொடுத்திருக்கிறார்கள், வாலுவோடு உடனே புறப்பட்டு வா என்று என் கையெழுத்தில் ஒரு கடிதம் உனக்கு வரும். ரயில் டிக்கெட்டும் உள்ளே இருக்கும். பயந்துபோய் எழுதிவிட்டேன், என்னை மன்னித்துவிடு.

வராதே. உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று வீம்பு பிடிக்க இது நேரமில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். பயமாக இருக்கிறது.

இன்னும் எழுதச் சொல்வார்கள், நானும் எழுதுவேன். எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் வராதே. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு வரி அந்தக் கடிதங்களில் இருக்கும். அது மட்டும் கேப்டன் சொல்லி எழுதியதாக இருக்காது.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன்,
தையல்காரன்